கடிகாரத்தின் இரைச்சல்

கடிகாரத்தின் இரைச்சல் என்றதும் முள்ளின் ஒலியே நினைவுக்கு வரும். இங்கே கூறப்படுவதோ காதுக்கு எட்டாத இரைச்சல்.

1967 முதல், சீசியம் அணுவுக்குரிய நுண்ணலையின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு செக்கன். ஆயினும் அணு தானாகப் பேசாது. அலையியற்றி ஒன்று நுண்ணலையை அனுப்பி அதனை வினவவேண்டும். பாரிசிலுள்ள நீரூற்றுக் கடிகாரத்தில் அணுக்கூட்டம் மேலே எறியப்பட்டு விழும்வரையே இவ்வினாவல் நிகழும். அடுத்த கூட்டம் ஆயத்தமாகும் இடைவேளையில் வினவும் கருவி தடுமாறினால் அதனைக் கண்டு திருத்துவாரில்லை. அத்தடுமாற்றம் அணுவின் குறைபோலவே கணக்கில் ஏறும்.

ஆகவே, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய நீலக்கல் அலையியற்றி அங்கே பயன்படுத்தப்பட்டது. இரத்தினபுரிக் கல்லை எண்ணவேண்டாம். இது செயற்கையாக வளர்த்த நிறமற்ற பளிங்கு. திரவ ஈலியத்தால் மறை 267 பாகை செல்சியசுக்கு அண்மையில் குளிர்விக்கப்படுகையில், அதனுட் சிக்கிய நுண்ணலை மிகச் சொற்பமாகவே ஆற்றலை இழக்கும். மேலும், வெப்பநிலை சற்று மாறினால் மீடிறனில் உண்டாகும் மாற்றத்தைப் பளிங்கிலுள்ள அற்ப மாசுகளே அங்கு ஈடுசெய்கின்றன. மாசு நன்மை செய்வது விந்தையன்றோ!

1999 இல் முடிவு வெளியாயிற்று. அலையியற்றியின் இரைச்சல் அடங்கியதும் அணுக்களின் குவாண்டம் இரைச்சலே எல்லையாக நின்றது. ஒவ்வோர் அணுவும் இரு நிலைகளுள் ஒன்றையே விடையாகத் தரும். எந்நிலை என்பது தற்செயல். இதனைக் குளிரால் அடக்கவியலாது. அணுக்களை நான்கு மடங்காக்கினால் பாதியாகக் குறையும், அவ்வளவே.