தீர்த்தம் காப்பதும் திருப்பணியே

(மகா கும்பாபிஷேக விழாவையொட்டித் திருக்கோயில் மண்டபத்தில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகா கும்பாபிஷேகம் இனிது நிறைவேறிய இந்நன்னாளில் நம் கண்கள் யாவும் விமானத்தின் உச்சியை நோக்கியே இருக்கின்றன. புதுப்பொலிவு பெற்ற கலசங்கள் கதிரொளியில் மின்னுகின்றன. அக்கலசங்களின்மேல் சொரியப்பெற்றது யாது? நீர். யாகசாலையில் வேள்வி வளர்த்து, மந்திரங்களால் இறையருளை எழுந்தருளச் செய்தது எதில்? குடத்து நீரில். கும்பாபிஷேகம் என்னும் சொல்லே நீர்க்குடத்தையும் நீராட்டையும் குறிப்பது. ஆகவே, விமானத்தை அண்ணாந்து நோக்கி மகிழும் இவ்வேளையில், சற்றே கண்ணைத் தாழ்த்தி, கோயிலை அடுத்துள்ள திருக்குளத்தையும் நோக்குமாறு உங்களை வேண்டிக்கொள்ளவே அடியேன் இங்கு நிற்கின்றேன்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாலும் சிறந்ததையே நம் முன்னோர் திருத்தலம் என்றனர். நம் வீட்டுப் பேச்சிலும் "கோயில் குளம்" என்று இரண்டையும் இணைத்தே சொல்கின்றோம். கோயிலைத் தனியே பிரித்துச் சொல்ல நம் நாவே இசைவதில்லை. திருவாரூரில் கோயிலும் குளமும் செங்கழுநீர் ஓடையும் ஒவ்வொன்றும் ஐந்து வேலி என வழங்குவர். இறைவன் வீற்றிருக்க எவ்வளவு இடமோ, நீர் தங்கவும் அவ்வளவு இடம் வேண்டும் என்று எண்ணிய பெருமனத்தை என்னென்பது!

குளம் ஊருக்குச் செய்யும் உதவி ஒன்றிரண்டல்ல. அபிடேகத்திற்கும் நீராடலுக்கும் அதுவே துறை. மழைக்காலத்தில் தெருவில் ஓடும் வெள்ளத்தைத் தன் வயிற்றில் ஏற்கின்றது. கோடையில் சுற்றுப்புறக் கிணறுகள் வற்றாமல் ஊற்றளிக்கின்றது. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அச்சட்டம் ஒவ்வொரு வீட்டாரையும் செய்யச் சொன்னதை, ஊர் முழுமைக்கும் ஒருசேர முன்பே செய்து வைத்தவர்கள் குளம் தொட்ட பெரியோர். மேலும், சிறுவர் நீந்தப் பழகுவதும், முதியோர் மாலைக்காற்றில் அமர்ந்து இளைப்பாறுவதும், தெப்ப நாளில் ஊரெல்லாம் ஒன்றாய்க் கரையில் நின்று களிப்பதும் அக்குளத்தருகேதான். காசு கேளாமல் எல்லார்க்கும் இடந்தரும் பொதுவிடம் இதனினும் வேறுண்டோ?

தண்டியடிகள் காட்டிய வழி

குளம் காக்கும் பணியைச் சிறுபணி என்று எண்ணுவாருளர். அவர்கள் பெரியபுராணத்தில் தண்டியடிகள் நாயனார் வரலாற்றை நினைத்தல் வேண்டும். திருவாரூரிற் பிறந்த அவ்வடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கோயிலின் மேற்றிசையிலிருந்த குளத்தின் கரையை ஒட்டிக் கட்டடங்கள் நெருங்கி, குளம் தூர்ந்து குறுகிப் போயிற்று. அதனை அகழ்தல் வேண்டும் என்று அவர் துணிந்தார். குளத்தின் நடுவே ஒரு தறி. கரையில் ஒரு தறி. இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. அக்கயிற்றைத் தடவிக்கொண்டே குழியில் இறங்கி மண்ணை வெட்டுவார். கூடையிற் சுமந்து, கயிற்றைத் தடவியே கரையேறிக் கொட்டுவார்.

அவருக்கும் தடை வந்தது. மண்ணைக் கல்லினால் சிற்றுயிர்கள் மடியும் என்றனர் சிலர். அவருடைய கயிறும் மண்வெட்டியும் கூடையும் பறிக்கப்பட்டன. இறைவன் அடிகளின் கனவிலும் அரசன் கனவிலும் தோன்றினான். அரசன் முன்னிலையில் அக்குளத்து நீரில் மூழ்கியெழுந்த அடிகள் கண்ணொளி பெற்றார். அரசனும் குளத்தின் கரைகளைச் செம்மை செய்வித்தான்.

அன்பர்களே, இவ்வரலாற்றில் ஒன்றைக் கருதிப் பாருங்கள். அடிகள் புதுக்குளம் தோண்டவில்லை. முன்னோர் தோண்டியதைத் தூர் எடுத்தார். அதற்காகவே அறுபத்துமூவருள் ஒருவராய்த் திருக்கோயில்தோறும் நின்று நம் வணக்கத்தைப் பெறுகின்றார். ஆக்கியவனுக்கு உள்ள புண்ணியம் காத்தவனுக்கும் உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? திருநாவுக்கரசரின் திருக்கரத்தில் உழவாரம் இருப்பதும் இதே பொருளை உணர்த்துவதன்றோ!

முன்னோர் செய்த முறை

அன்பு ஒருவரிடம் தோன்றலாம். முறை ஊரிடம் இருத்தல் வேண்டும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் 360 நாள் அப்பணியைச் செய்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துள் வரலாகாது; அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது என்று விதித்தனர். ஏரியைப் பேணுதற்கென்றே ஏரிப்பட்டி என்னும் பெயரால் நிலம் விட்டதையும் கல்வெட்டுகள் கூறும். நீர்நிலைக்கென ஒரு குழு, ஒரு நிலம், ஓராண்டுப் பொறுப்பு, ஒழுங்கான கணக்கு. இந்நான்கும் இருந்தமையாற்றான் அக்கால நீர்நிலைகள் நின்றன.

குளம் எவ்வாறு கெடுகின்றது?

குளம் ஒரே நாளில் அழிவதில்லை. கவனியாதார் கண்ணெதிரே சிறிது சிறிதாக அழிகின்றது.

முதலாவது, வரத்துக்கால் அடைபடுதல். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் திருமலை நாயக்கர் காலத்தது. வைகையினின்று கால்வாய் வழியே நீர் பெறுவது. கால்வாய் கெட்டதும், குளம் பல்லாண்டுகள் வறண்டு கிடந்தது; சிறுவர் அதனுள்ளே கிரிக்கெட் ஆடினர்; நீரின்றி நிலைத்தெப்பமாகவே விழா நடந்த ஆண்டுகளும் உண்டு. அண்மை ஆண்டுகளில் கால்வாய் சீர்செய்யப்பட்டு, வைகை நீர் மீண்டும் வந்து நிறைய, தெப்பம் நீரில் மிதந்தது. குளத்தில் குறையில்லை, குறை இருந்தது கால்வாயில். நம் குளத்திற்கு நீர் எங்கிருந்து வருகின்றது, அவ்வழியில் இன்று என்ன நிற்கின்றது என்பதை ஊரார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கரையும் படியும் சிதைதல். பறவையின் எச்சத்தில் வந்த அரசம்வித்தோ ஆலம்வித்தோ கல்லிடுக்கில் முளைக்கின்றது. இரண்டு இலை விட்டபோது குழந்தையும் பிடுங்கலாம். ஐந்தாண்டு விட்டால் அதன் வேர் கருங்கல்லையே பெயர்த்துவிடும். பிறகு ஓரிலட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு போடுகின்றோம்! மழைக்காலத்தில் குளத்து நீரை முழுதும் இறைப்பதும் கேடு. கரைமண் ஈரத்தால் கனத்துச் சுவரைத் தள்ளும், எதிர்நின்று தாங்க உள்ளே நீர் இராது, சுவர் சரியும்.

மூன்றாவது, அறியாமற் செய்யும் திருப்பணி. தூர் எடுக்கும்போது வண்டலை மட்டும் அள்ள வேண்டும். அதன் கீழுள்ள களிமண் படுகையையும் தோண்டிவிட்டால், ஓட்டைக் குடத்தில் ஊற்றியதுபோல் நீர் நில்லாது. அதற்கு அஞ்சி அடியெல்லாம் சிமெண்டு பூசினாலோ, சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்றுச் செல்லாது. நடுநிலை அறிந்து செய்வதே நன்று.

நான்காவது, நாமே கொட்டும் மாசு. பாபநாசத்திலும் திருநள்ளாற்றிலும் நீராடியபின் உடுத்த துணியை நீரிலேயே விட்டுவரும் வழக்கம் பரவியுள்ளது. ஒருவர் விட்டால் ஒரு துணி. ஓராயிரம் பேர் விட்டால் ஆற்றுக்கே சுமை. சோப்புத்தூளிலுள்ள உப்புகள் பாசிக்கு உரமாகின்றன. மீனுக்கு எனப் பொட்டலம் பொட்டலமாய்க் கொட்டும் பொரி, மீன் உண்டது போக அழுகுகின்றது. அழுகும் பொருள் நீரிலுள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிட, நாம் ஊட்ட எண்ணிய மீனே மூச்சின்றி மிதக்கின்றது. பாவம் தொலைக்கச் சென்ற இடத்தில் பாவம் சேர்த்து வரலாமோ?

காஞ்சியில் அனந்தசரசு என்னும் திருக்குளத்தினுள் அத்தி வரதர் நீர்க்கீழே பள்ளி கொண்டிருக்கின்றார். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை இறைத்து அவரை எழுந்தருளச் செய்கின்றனர். 1979-இல் ஒருமுறை, 2019-இல் ஒருமுறை நாடு அவரைக் கண்டது. 2019-இல் 48 நாள் காட்சி தந்து மீண்டும் நீருட் சென்றார். இறைவன் உறையும் பள்ளியறை அந்நீர் என்பதை அறிந்தோர் அதனுள் எச்சில் இலையை எறிவரோ? அங்கு மட்டுமன்று, ஒவ்வொரு தீர்த்தத்திலும் அவனே உறைகின்றான் என்பதன்றோ நம் சமயக் கொள்கை!

படித்துறையும் பாதுகாப்பும்

நீராட வருவோர் உயிரோடு வீடு திரும்புதல் முதற்கடமை. கும்பகோணத்தில் 1992-ஆம் ஆண்டு மகாமகத்தன்று நேர்ந்த நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். அத்துயரை நாடு மறந்திலது. 2004, 2016 ஆகிய ஆண்டுகளின் மகாமகங்கள் அத்தகைய பெருந்துயரின்றி நிறைவேறின. அடுத்த மகாமகம் 2028-இல் வருகின்றது. பெருவிழாவுக்கு உரிய பாடம் சிறு குளத்திற்கும் உரியது. இறங்கும் வழி வேறு, ஏறும் வழி வேறாக இருத்தல் வேண்டும். பாசி படர்ந்த படியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முதியோர் பற்றிக்கொள்ளக் கைப்பிடி வேண்டும். ஆழத்தைக் காட்டும் அடையாளமும், எறிந்து மீட்க ஒரு கயிறும் கரையில் இருத்தல் வேண்டும். தாய்மார் உடை மாற்ற மறைவிடம் வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவன்று. எனினும் இவையின்றி எத்தனை இளம் உயிர்கள் நீரிற் போயின என்பதை ஒவ்வோர் ஊரும் தன் நெஞ்சறியக் கூறும்.

எல்லார்க்கும் உரிய துறை

இன்னொன்றையும் மறவாது சொல்லல் வேண்டும். ஒரு காலத்தில் நம் உடன்பிறந்தாரிற் பலரைக் குளத்துப் படியில் கால்வைக்க விடாது தடுத்தோம். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் அவர்கள் ஒடுக்கப்பட்டோரை உடனழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் சென்று வழிபட்டமை அப்பிழையைத் துடைத்த நன்முயற்சி. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கென விடப்பெற்ற கிணறு, குளம், நீராடுதுறை, சாலை, மக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதி, மதம், பால், பிறப்பிடம் காட்டி எவர்க்கும் மறுக்கலாகாது என்று விதித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் புனிதத் தீர்த்தங்களில் நீராடும் உரிமையைத் தெளிவாகவே எடுத்துரைத்தது.

உரிமை ஏட்டில் உள்ளது. ஆனால் துறை பாழ்பட்டுக் கிடந்தால் அவ்வுரிமையால் யாது பயன்? பூட்டிய கதவும் நாறும் நீரும் இன்று எல்லாரையுமே வெளியில் நிறுத்துகின்றன. வசதியுள்ளோர் வீட்டுக் குழாயில் நீராடிவிடுவர். குளத்தை நம்பியிருக்கும் ஏழையே இழப்பெய்துவான். ஆதலின், குளத்தைத் தூயதாய் வைத்திருப்பதே எல்லாரையும் "வருக" என்றழைப்பதாகும்.

ஒரு விண்ணப்பம்

கொடையாளர்களே! உங்கள் கொடையால் கோபுரம் உயர்ந்தது. நம்மவர் கொடையில் ஒரு வியப்பு உண்டு. கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று அளித்தால், ஒளி மறையும்படி அதன்மீதே நம் பெயரை எழுதிவிடுகின்றோம். குளத்து நீரிலோ பெயர் எழுத முடியாது, எழுதினாலும் நில்லாது. அதனாற்றான் குளத்திற்குக் கொடை வருவதில்லை போலும்! பெயர் நில்லாத இடத்தில் இடும் பொருளே முழுப் புண்ணியம் தரும் என்பதைப் பெரியோர் அறிவர்.

நித்திய பூசைக்குக் கட்டளை உண்டு. அன்னதானத்திற்குக் கட்டளை உண்டு. திருக்குளத்திற்கும் ஒரு கட்டளை ஏற்படுத்துங்கள். அதன் முதல் அழியாதிருக்க, வட்டியிலிருந்து ஆண்டுதோறும் பணி நடக்கட்டும். ஆனியில் நீர் குறைந்திருக்கும்போது வண்டல் அள்ளுக. மழைக்கு முன் வரத்துக்காலைத் திறந்து விடுக. திங்கள்தோறும் படியைத் தேய்த்துச் செடியைப் பிடுங்குக. குளத்தைக் காக்க ஒருவரை நியமித்து, அவருக்கு உரிய ஊதியம் தருக. ஆண்டு முடிவில் வரவு செலவைக் கோயில் வாயிலில் எழுதி ஒட்டுக. உத்திரமேரூரார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குக் கேட்டனர், நாம் கேட்கக் கூசுவானேன்? இளைஞர்கள் உழவாரக் குழுவாய்ச் சேர்ந்து, மாதத்தில் ஒரு காலைப் பொழுதை இப்பணிக்கு அளிக்கட்டும்.

கோபுரத்திற்குக் கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. குளத்திற்கோ அது ஆண்டுதோறும் நிகழ்தல் வேண்டும். வானம் மழையாகிய குடத்தைச் சாய்க்கக் காத்திருக்கின்றது. அதனை ஏற்கும் கலத்தைத் தூய்மையாய் வைத்திருப்பதே நம் கடன்.

அடுத்த கும்பாபிஷேகத்திற்கு நம் பிள்ளைகள் குடம் ஏந்தி வரும்போது, இத்திருக்குளத்தில் இறங்கி, தெளிந்த நீரை முகந்து தலைமேற் சுமந்து செல்லும் பேறு பெறுவாராக. அதற்குரிய அன்பையும் உறுதியையும் எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக எனப் போற்றி அமைகின்றேன்.