மீன் உடம்பில் சிவப்புப் புள்ளியா? மருந்துக்கு முன் ஒரு போட்டோ!

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மீன் வளர்ப்போருக்கான விழிப்புணர்வு உரை)



நம்ம ராஜபாளையம் நாய்க்குக் காலில் புண் வந்தால் நொண்டிக் காட்டிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் தரும் பசுவுக்கு உடம்பு சரியில்லை என்றால் கறக்கும்போதே தெரிந்துவிடும். மீன் அப்படி இல்லீங்க. புண்ணோடு தண்ணிக்குள்ளேயே கிடக்கும். நம் கண்ணில் படும்போது பல மீன்களுக்குப் பரவியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைத் தண்ணீர் இறங்கி நம் கண்மாய்கள் நிறையும். அந்தத் தண்ணீரோடு வெளி மீன்கள் பண்ணைக்குட்டைக்குள் ஏறிவரும். அடுத்து மார்கழிக் குளிர். இதுதான் இ.யு.எஸ். என்கிற புண் நோய்க்குத் தோதான காலம். 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக இந்தியாவுக்குள் வந்த நோய் இது. விராலையும் கெண்டையையும் அதிகம் தாக்கும். கட்லா, ரோகு குஞ்சுகளும் தப்பாது.

முதலில் சிவப்புப் புள்ளி, பிறகு செதில் உதிர்வு, கடைசியில் சதை தெரியும் ஆழமான புண். மீன் சோர்ந்து மேல் மட்டத்தில் மிதக்கும், தீனி எடுக்காது.

இந்த நேரத்தில் பலரும் செய்கிற தப்பு, கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் வாங்கித் தீனியில் கலப்பது. இந்த நோய்க்கு மூலகாரணம் பாக்டீரியா இல்லை; அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி. ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. காசும் போகும், நாளும் போகும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பதையும் மறந்துடாதீங்க.

அப்ப என்ன செய்யணும்? முதலில் செல்போனை எடுங்க. புண் தெளிவாகத் தெரிகிற மாதிரி மீனைப் போட்டோ எடுங்க. ஏனென்றால் மீன் பேன் கடித்தாலும் இப்படித்தான் சிவக்கும். அதற்கு வைத்தியம் வேறு. மத்திய மீன்வளத் துறை 2023 ஜூனில் 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' என்ற செயலியை வெளியிட்டது. அதில் நோய் விவரத்தைப் பதிவு செய்தால் மீன்வள அலுவலர்களுக்கும் மீன் நோய் நிபுணர்களுக்கும் தகவல் போகும். செயலி பழக்கமில்லை என்றால் வீட்டுப் பிள்ளைகளிடம் கேளுங்க, இல்லை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நேரில் போங்க.

புண் நோய்தான் என்று உறுதியானால் கைகொடுப்பது சுண்ணாம்பு. சென்ட்டுக்கு 1 கிலோ கணக்கு; 25 சென்ட் குட்டைக்கு 25 கிலோ. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, நன்றாக ஆறவிட்டு, இரண்டு மூன்று தவணையாகக் காலையில் தெளிக்கணும். தண்ணீரின் பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால் போடக்கூடாது. புவனேஸ்வர் நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' மருந்தும் உண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள 25 சென்ட் குட்டைக்குச் சுமார் 100 மில்லி. தண்ணீரில் கலந்து குட்டை முழுக்கத் தெளிக்கணும்.

செத்த மீனைக் கண்மாயில் வீசாதீங்க. குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்க. நோய் உள்ள குட்டைத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விடாதீங்க. அந்த வலையைக் கழுவி வெயிலில் காயப்போடாமல் அடுத்த குட்டையில் இறக்காதீங்க. இந்த நோய் மனுஷனுக்குத் தொற்றாது. ஆனாலும் புண் உள்ள மீனை விற்காதீங்க.

அடுத்த மழைக்கு முன்னாடி மடையில் சின்னக் கண் வலை கட்டி, கரையை உயர்த்திட்டா வெளி மீன் உள்ளே வராது. நம்ம கண்மாய்கள் ஒன்று நிறைந்து அடுத்ததற்குப் பாய்கிறவை. உங்க குட்டையில் இன்றைக்கு மறைக்கிற புண், நாளைக்குக் கீழ்க் கண்மாயில் பக்கத்து ஊர்க்காரருடைய நஷ்டம். அதனால் முதல் புள்ளியிலேயே தகவல் சொல்லிடுங்க.