கண்ணா, காற்றா, கையா?

('வேலைக்காக மடிக்கணினி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரையா, குளிர்ச்சியா, விசைப்பலகையா?' என்ற தலைப்பில் பினாங்கில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், 'குளிர்ச்சியே' என்ற அணியில் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் திரைக்காக வாதாடிய அக்காவுக்கும், விசைப்பலகைக்காக மேசையைத் தட்டித் தட்டிப் பேசிய தம்பிக்கும், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்திருக்கும் உறவுகளுக்கும் என் வணக்கம்.

தம்பி தட்டிய தட்டிலேயே ஒன்று தெரிந்துவிட்டது ஐயா. அவருடைய விசைப்பலகை சீக்கிரம் தேய்ந்துபோவதற்குக் காரணம் கம்பெனி அல்ல! (சிரிப்பு)

இந்தத் தலைப்பைப் பினாங்கில் வைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இதையே லண்டனில் வைத்திருந்தால் நான் அக்காவின் அணிக்குப் போயிருப்பேன். அங்கே சன்னலைத் திறந்தால் கணினி தானாகக் குளிர்ந்துவிடும். இங்கே துறைமுகத்துப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு சன்னலைத் திறந்தால் என்ன வரும்? கடல் காற்று வரும், அதோடு உப்பு வரும், ஈரம் வரும், வெக்கையும் வரும். மத்தியானம் 32, 33 டிகிரி. மழை பெய்தால் குளிரும் என்பீர்கள். மழை விட்ட பிறகு அடிக்கும் புழுக்கம் இருக்கிறதே, அது மனுஷனுக்கே தாங்காது, மெஷின் என்ன செய்யும்?

ரஜூலா கப்பலில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்கள் நம் தாத்தாக்கள். இறங்கியவர்களில் எத்தனையோ பேர் இதே கரையில் மூட்டை தூக்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்குக் கட்டடத்துக்குப் படம் வரைகிறார்கள், பாலத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். தாத்தா முதுகில் சுமந்தார், பேரன் மடியில் சுமக்கிறான். (கைதட்டல்)

இன்னொரு கதையும் இந்த ஊருக்கு உண்டு. 1972-ல் பாயான் லெப்பாஸில், நெல்வயலாகக் கிடந்த நிலத்தில் இன்டெல் கம்பெனி வந்து தொழிற்சாலை கட்டியது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் கட்டிய முதல் தொழிற்சாலை அதுதான். பிறகு 1990-களின் நடுவில் டெல் வந்தது. நம் அம்மாக்களும் அக்காக்களும் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பைப் போட்டுக்கொண்டு, நடுங்கும் குளிர் அறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தார்கள். சில்லு என்றால் அதற்கு எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்று யாரும் புத்தகத்தில் தேட வேண்டாம். வீட்டில் அம்மாவைக் கேட்டால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் பேசுவது படம் பார்க்கும் கணினியைப் பற்றி அல்ல, வொர்க்ஸ்டேஷன் என்று சொல்லும் கனரக வேலைக்கணினியைப் பற்றி. லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, எச்.பி.யின் இசட்புக், டெல்லின் பிரிசிஷன் எல்லாம் இந்த ஜாதி. பிரிசிஷன் என்ற பெயரை மாற்றி 2025-ல் டெல் ப்ரோ மேக்ஸ் ஆக்கிவிட்டார்கள். கட்டட வரைபடம், பொறியியல் கணக்கு போன்ற மென்பொருள்களைத் தயாரிப்பவர்கள், 'எங்கள் மென்பொருள் இந்த மாடலில் ஒழுங்காக ஓடும்' என்று சோதித்துச் சான்று கொடுப்பார்கள். அந்தச் சான்றுக்கும் சேர்த்துத்தான் விலை. டைப் அடிப்பதும் கணக்கு எழுதுவதும்தான் உங்கள் வேலை என்றால், தயவுசெய்து இந்த ஜாதியை வாங்காதீர்கள். பாதிக் காசில் வேறு நல்ல கணினி கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். கட்டடக்கலை படித்தவர். 2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்ததிலிருந்து, இங்கே பழைய கடைவீட்டில் கைவைக்க வேண்டுமென்றால் துல்லியமான வரைபடம் வேண்டும். லேசர் கருவியை வைத்து ஒரு கடைவீட்டை அளந்தால் கோடிக்கணக்கான புள்ளிகள் வரும். அத்தனையையும் கணினி சுமக்க வேண்டும். தம்பிக்கு ஏற்கெனவே பி.டி.பி.டி.என். படிப்புக் கடன். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்து ஏழாயிரத்துச் சொச்சம் வெள்ளி கொடுத்தார். கடையில் ஒரு கணினி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பஞ்சாங்கம் மொத்தத்தில் இருந்தது. திரை கண்ணாடி மாதிரி. விசைகள் வெண்ணெய் மாதிரி. கடையில் வேலை செய்து பார்த்தபோது பறந்தது. வாங்கிவிட்டார்.

வீடு தகரக் கூரை. ஏர்கான் கிடையாது. முதல் பெரிய வேலை வந்தது, காலை ஒன்பது மணிக்குப் படம் அனுப்ப வேண்டும். நாலு மணி நேரத்தில் முடியும் என்று கணினி காட்டியது. அரை மணி கழித்துப் பார்த்தால் ஆறு மணி நேரம் என்றது. இன்னும் கொஞ்சம் கழித்து எட்டு என்றது. விசிறி ஏரோப்ளேன் மாதிரி கத்துகிறது, வேலை மட்டும் நத்தை மாதிரி நகர்கிறது. தம்பி பக்கத்தில் மேசை விசிறியை வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பாதிப் படம்தான் போனது. அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் சோதித்துவிட்டுச் சொன்ன பதில்தான் ஐயா என் அணியின் முதல் சாட்சி: "இது பழுது இல்லை தம்பி, இதன் சுபாவமே இப்படித்தான்." பழுதுக்கு வாரண்டி உண்டு. சுபாவத்துக்கு எந்த ஊரில் வாரண்டி கொடுக்கிறார்கள்? (கைதட்டல்)

ஏன் இப்படி ஆகிறது? சில்லு புத்திசாலி. ஏறக்குறைய 100 டிகிரியைத் தொட்டதும், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இனி ஒரு சின்னக் கணக்கு. கடையில் ஏர்கான், 20 டிகிரி. சில்லு 100 என்றால் வித்தியாசம் 80. வீட்டில் 33 டிகிரி, வித்தியாசம் 67. வெப்பம் வெளியே ஓடுவது ஏறக்குறைய இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆகக் கடையில் 80 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிய அதே கணினி, நம் வீட்டில் 67 வாட்டைத்தான் தள்ளும். ஆறில் ஒரு பங்கு பலத்தைக் கடை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். காசு மட்டும் முழுசாகக் கொடுத்திருக்கிறீர்கள்!

உள்ளே குளிர்ச்சி எப்படி நடக்கிறது என்றால், இட்லிச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் தண்ணீர் கொதிக்கிறது, ஆவி மேலே போகிறது, மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பி விழுகிறது. கணினிக்குள் இருக்கும் செப்புக் குழாயிலும் அதேதான். காற்றை எடுத்துவிட்டு, சொட்டுத் தண்ணீர் விட்டு மூடிய குழாய். அழுத்தம் குறைவு என்பதால் சீக்கிரம் ஆவியாகும். சில்லுப் பக்கம் ஆவியாகி, விசிறிப் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவரில் இருக்கும் திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வருகிறது. குழாய்க்குப் பதிலாக அகலமான தட்டையான அறை வைத்தால் இன்னும் நன்றாகப் பரவும். எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும் ஐயா. குழாய்க்கு இடம், தகடுகளுக்கு இடம், விசிறிக்கு இடம். பஞ்சாங்க மொத்தத்தில் இட்லிச் சட்டி வைக்க முடியுமா?

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஆர்.டி.எக்ஸ். 4060 என்று ஒரு வரைகலைச் சில்லு. மடிக்கணினிகளில் அது 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வைக்கப்படுகிறது. பெட்டியில் ஒரே பெயர்தான். வேகம் மூன்று மடங்கு மாறாது, ஆனால் நன்றாகவே மாறும். எத்தனை வாட் என்று தீர்மானிப்பது அந்தப் பெட்டியின் குளிர்ச்சி. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தச் சில்லு' என்பதோடு நிற்கக் கூடாது, 'எத்தனை வாட்' என்றும் கேளுங்கள். அவர் விழித்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

அக்காவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். திரை முக்கியம்தான். மலிவான திரைகளில் நிறம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும், சிவப்புப் பட்டு செங்கல் நிறத்தில் தெரியும். 1080 வரிக்குப் பதில் 1200 வரி இருக்கும் உயரமான திரையில் வரைபடத்தின் கீழ்ப்பகுதி மறையாமல் இருக்கும். ஓ.எல்.ஈ.டி. திரையின் கறுப்பு அற்புதம். ஆனால் நாள் முழுக்க ஒரே கருவிப்பட்டை ஒரே இடத்தில் நின்றால் வருஷக்கணக்கில் அதன் நிழல் பதிந்துபோகும் அபாயம் உண்டு. சிலருக்கு அதன் மின்னலில் கண்ணும் வலிக்கும். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரை பிடிக்கவில்லை என்றால் சில நூறு வெள்ளிக்கு வெளித்திரை வாங்கி மாட்டிவிடலாமே! தம்பி, உங்களுக்கும் அதே பதில். வெளி விசைப்பலகை நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். வெளிக் குளிர்ச்சி வாங்க முடியுமா? விசிறி வைத்த ஸ்டாண்ட் விற்கிறார்கள். அடியில் காற்று வாங்கும் கணினியாக இருந்தால் சில டிகிரி குறையும். அவ்வளவுதான். உள்ளே இல்லாத குழாயை வெளியிலிருந்து யாரால் வைக்க முடியும்?

ஆனால் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்வெட்டன்ஹாம் துறையிலோ பட்டர்வொர்த் கண்டெய்னர் முனையத்திலோ வெயிலில் நின்று கப்பலையும் சரக்கையும் பரிசோதிப்பவர் வெளித்திரையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அவருக்கு 250 நிட்ஸ் வெளிச்சத்துத் திரையில் தன் முகம்தான் தெரியும். 500-க்கு மேல், பளபளப்பு இல்லாத திரை வேண்டும். அந்த ஒருவர் விஷயத்தில் அக்கா ஜெயித்தார். (அக்கா அணியில் கைதட்டல்) போதும் அக்கா, ஒருவர்தான்!

தம்பிக்கும் ஒரு பாதி வெற்றி தரலாம். பழைய கணினிகளில் விசைப்பலகை கெட்டால் நாலு ஸ்க்ரூ கழற்றிப் புதிதை மாட்டுவார்கள். இப்போது பல மாடல்களில் அதை மேல்மூடியோடு சேர்த்து அடித்துவிடுகிறார்கள். ஒரு விசை போனால் முழு மூடியையும் மாற்ற வேண்டும். வாங்குமுன் இதைக் கேட்கத்தான் வேண்டும். தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னொன்று: தமிழ் 99 முறையில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று இரண்டு கையும் சமமாக ஓடும். எண் பலகை வைத்த அகலக் கணினியில் எழுத்துப் பகுதி இடப்பக்கம் தள்ளிப்போவதால் உடம்பைக் கோணிக்கொண்டு அடிக்க வேண்டி வரும். சரக்குக் கணக்குப் போடுபவருக்கு அதே எண் பலகை வரப்பிரசாதம். அவரவர் வேலை, அவரவர் வசதி. ஆனால் ஒன்று கேட்கிறேன் தம்பி. வெப்பம் எந்த வழியாக மேலே வருகிறது? உங்கள் விசைகள் வழியாகத்தானே! விரல் சுடும்போது விசை எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று யார் அளப்பார்கள்? (சிரிப்பு, கைதட்டல்)

கடையில் எப்படிச் சோதிப்பது என்று முன்வரிசை அம்மா ஒருவர் கேட்டார். சைன்பெஞ்ச் என்று ஒரு சோதனை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு தடவை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை மணி நேரம் விடாமல் ஓட்டி மறுபடி எண்ணைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் சகஜம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓடும்போதே கை வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள். 'அரை மணி நேரமெல்லாம் முடியாது' என்று கடைக்காரர் சொன்னால், ஏழாயிரம் வெள்ளிக்கு அரை மணி கொடுக்காத கடை அது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுமையையும் யோசியுங்கள். நல்ல குளிர்ச்சி உள்ளது இரண்டரைக் கிலோ, மூன்று கிலோ வரும், சார்ஜர் தனி. தினமும் ஃபெரியில் போய் வருகிறவர் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

மணி அடிக்கப் போகிறார் நடுவர். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மெத்தை மேல், தலையணை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், அடியில் காற்று வழி அடைபடும். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து விசிறித் தூசியை எடுங்கள். மூன்று நாலு வருஷத்தில் சில்லுக்கும் செப்புக்கும் நடுவில் தடவிய பசை காய்ந்துபோகும், புதிதாகத் தடவச் சொல்லுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தால் கணினிக்குள் நீர் பூக்கும். பையை மூடியபடியே அரை மணி வைத்திருந்து, பிறகு திறங்கள்.

ஆயுத பூஜைக்குக் கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம், நல்ல விஷயம். மூடியில் வையுங்கள் அம்மா, காற்று வரும் ஓட்டையில் வைக்காதீர்கள்! (பலத்த சிரிப்பு)