மடங்க இடம் வேண்டும்



1937-இல் ஜி. எஸ். ஹார்ட்லி என்ற வேதியியலாளர் அசோபென்சீன் என்னும் ஆரஞ்சு நிறப் பொருளின் கரைசலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. வெளிச்சம்தான் காரணம். ஒளி பட்டதும், நீண்டு கிடந்த மூலக்கூறு நடுவில் மடங்கி வேறொரு வடிவம் எடுத்தது. புற ஊதா ஒளியில் மடங்கும். நீல ஒளியில் நிமிரும். ஒளியால் போட்டு அணைக்கும் சுவிட்சு!

மடங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஏறத்தாழ ஒரு பைக்கோ நொடி. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இதை அளக்க எந்தக் கடிகாரமும் உதவாது. அதனால் நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறார்கள். ஒரே லேசர்த் துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் துடிப்பு மூலக்கூறைத் தூண்டும். அடுத்தது சற்றுப் பிந்தி வந்து, நிறம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கும். பிந்தச் செய்வது ஓர் ஆடிதான். அதை 15 மைக்ரோமீட்டர் பின்னால் நகர்த்தினால், ஒளிக்குப் போக வர 30 மைக்ரோமீட்டர் கூடுதல் பயணம். பைக்கோ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் கிடைத்துவிடும். எனக்கு லேசரைவிட இந்த ஆடிதான் வியப்பு. இத்தகைய அளவீடுகளால் வேதிவினைகளை நடக்கும்போதே பார்த்த எகிப்தியரான அகமது சுவைலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கரைசலில் இதெல்லாம் சுலபம். கருவிக்குள் பொருத்த வேண்டுமானால் மெல்லிய படலமாகத்தானே வேண்டும்? அங்கேதான் சிக்கல். மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும் படலத்தில் மடங்குவது, கூட்டம் பிதுங்கும் பேருந்தில் குடை விரிப்பது போலத்தான். ஒளி பட்டாலும் பல மூலக்கூறுகள் மடங்காமலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே இடையிடையே வேறு மூலக்கூறுகளைச் செருகி இடம் உண்டாக்குகிறார்கள்.

அளப்பவருக்கு இன்னொரு தொல்லை. கரைசலை ஓடவிட்டால் ஒவ்வொரு துடிப்புக்கும் புதுச் சரக்கு வந்து நிற்கும். படலம் ஓடாது. ஏற்கெனவே மடங்கிய மூலக்கூறின் மேலேயே அடுத்த துடிப்பும் விழும். எனவே படலத்தையே நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீல ஒளி பாய்ச்சி எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.