பூட்டும் அயலாரும்



கோடை விடுமுறை தொடங்கியதும் தில்லித் தமிழர் பலர் 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தாயகத்திற்குப் புறப்படுகின்றோம். வீடு ஒரு திங்கள் பூட்டிக் கிடக்கின்றது. அதனைத் திருடனுக்கு அறிவிப்பவை எவை? வாயிலில் குவியும் செய்தித்தாள், வெளியே தொங்கும் பெரும் பூட்டு, ரெயிலேறும்போதே நாம் வாட்ஸப்பில் அனுப்பும் படம்!

பாலையும் பத்திரிகையையும் முன்னரே நிறுத்துங்கள். கதவோடு பொருந்திய உட்பூட்டை அமையுங்கள். நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அங்கே களவு நேரின், 2022 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு. வீட்டு பீரோவோ எப்பொறுப்பும் ஏற்காது!

யாவற்றினும் சிறந்த காவலர் அயலாரே. சென்ற கோடையில் நள்ளிரவில் எங்கள் பூட்டை எவனோ நெம்பியபோது, விளக்கைப் போட்டுக் கூவி அவனை விரட்டியவர் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார். ஒன்பது ஆண்டுகள் எதிரெதிரே வாழ்ந்தும் அதுவரை அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்னும் அகலவில்லை. இவ்வாண்டு புறப்படுமுன் சாவியை அவரிடமே ஒப்படைத்தேன்.

நீங்களும் நல்ல பூட்டைத் தேடுமுன் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.