கிபேராவின் கூரைகளில் இன்டர்நெட்



கென்யா தேசத்துத் தலைநகரான நைரோபியில் கிபேரா என்று ஒரு பகுதி உண்டு. தகரக் கூரை வீடுகள் நெருங்கிக் கிடக்கும் ஏழைகள் குடியிருப்பு அது. பணமுள்ள பேட்டைகளுக்கு இன்டர்நெட்டானது கம்பி வழியாய்ப் போய்ச் சேர்ந்தது. ஏழையோ செல்போனில் கொஞ்சங் கொஞ்சமாய் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. லாபமில்லாத இடத்திற்குக் கம்பெனிக்காரன் ஏன் வருவான் என்பீர்கள். வரமாட்டான்தான். அதற்காக அங்குள்ளவர்கள் கை கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

துனபாண்டா என்னும் பயிற்சி நிலையத்தார் உயர்ந்த கட்டடங்களின்மேல் ஏரியல்களை நாட்டி, பள்ளிக்கூடங்களையும் வாலிபர் நிலையங்களையும் ரேடியோ அலையால் இணைத்தார்கள். (துனபாண்டா என்றால் அவர்கள் சுவாஹிலி பாஷையில் ‘நடுகிறோம்’ என்று அர்த்தம், பேர் பொருத்தந்தான்!) இதில் மந்திரமொன்றுமில்லை. ஏரியலுக்கு ஏரியல் நேராய்த் தெரியவேண்டும். நடுவே சுவரோ மரமோ மறைத்தால் அலை தேய்ந்துபோகும். பாடங்களை அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துவிட்டால், பிள்ளைகள் அவற்றைப் பார்க்க வெளி இன்டர்நெட்டுக்குக் காசழ வேண்டியதில்லை. இதையே நாம் பெரிதென்று கருதுகிறோம்.

ஆனால், கருவி பழுதானால் கூரையேற ஆள் வேண்டும், மின்சாரத்துக்குப் பணம் வேண்டும், லைசென்சும் வேண்டும். ஜனங்களே நடத்தும் இத்தகைய வலைகளுக்கென்று கென்யா சர்க்கார் தனி லைசென்சு முறை வகுத்தது 2021ல்தான். அதுவரை வியாபாரக் கம்பெனிகளுக்குச் செய்த சட்டத்திற்குள்ளேயே இவர்களும் தலையை நுழைக்க வேண்டியிருந்தது.