நொய்யல்: கண்ணுக்குத் தெரியாத உப்பு

ஆத்துத் தண்ணி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க, பாலத்துல நின்னு எட்டிப் பார்த்தா போதுமா? இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

போதாதுங்க. திருப்பூர்ல சாயக்கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தப்ப, தண்ணியோட நிறம் குறைஞ்சது. ஆனா துணியில சாயம் ஏறப் போடுற உப்பு அப்படியே நொய்யல்ல போச்சு. பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணையில அந்தத் தண்ணிதான் தேங்குச்சு. கிணறும் நிலமும் உப்பேறி, விவசாயிகள் நீதிமன்றப் படி ஏறினாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக் கூடாதுங்கறதுதான் நிபந்தனை.

அந்த உப்பைக் காட்டறது டிடிஎஸ் மீட்டர். வீட்டுல ஆர்ஓ மாட்ட வர்றவர் பேனா மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாரே, அதேதான். தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு பார்த்து, கரைஞ்ச உப்பைக் கணக்காச் சொல்லும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆனா ஒருநாள் எடுத்த எண்ணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மழை பெஞ்சா இறங்கும், கோடையில ஏறும். அதனால வாரம் ஒருநாள், ஒரே இடம், ஒரே நேரம். சாக்கடை கலக்குற இடத்துக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. கரையோரம் தேங்கினதை எடுக்காதீங்க. ஓடுற தண்ணியில பாத்திரத்தை மூணு தடவை அலசிட்டு மொண்டு எடுங்க.

இன்னொண்ணு. எண் குறைவா இருந்ததைப் பார்த்து, "தண்ணி சுத்தம்"னு நானே ஒருதரம் சொல்லியிருக்கேன். தப்பு. வீட்டுச் சாக்கடையில வர்ற கிருமி இந்த மீட்டர்ல தெரியாது. அதுக்கு ஆய்வகம் வேணும். மீனுக்கு வேண்டிய கரைந்த ஆக்சிஜனும் தெரியாது. அதை அளக்கறதா இருந்தா விடியக்காலையில அளங்க. மத்தியானம் பாசி வெயில்ல ஆக்சிஜன் விடும், ஆறு நல்லாயிருக்கற மாதிரி ஏமாத்தும்.

தேதி, மணி, மழை, நிறம், வாடை எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. மனு கொடுக்கப் போனா, "எப்ப இருந்து இப்படி?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க. அப்ப அந்த நோட்டை நீட்டலாம்.